பிச்சி வராத நாளும் பச்சையாகவே நின்ற டெஸ்ட்டும்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நாங்கள் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மூன்று பேர் சேர்ந்து செய்யும் சிறிய வேலை. விடியற்காலையில் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து விவசாயிகள் பூ கொண்டுவருவார்கள். கடையில் எடை போட்டு, அன்றைய விலையைப் போட்டுச் சிட்டை எழுதுவார்கள். வாரக் கடைசியில் கமிஷனும் முன்பணமும் கழித்துப் பணம் போகும். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, அரளி, கனகாம்பரம் என்று பூவுக்குப் பூ விலை வேறு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விலை நிற்கிற பூ இல்லை அது. முகூர்த்த நாள் வந்தால் ஏறும், மறுநாளே இறங்கும். விலையைக் கையால் அடிப்பவருக்கு ஒரு காவல் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். கடந்த ஏழு நாள் சராசரியிலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் விலகிய விலையை அடித்தால், "இந்த விலை சரிதானா?" என்று மென்பொருள் நிறுத்திக் கேட்க வேண்டும். செய்து கொடுத்தோம். டெஸ்ட்டும் எழுதினோம், அதாவது மென்பொருள் சரியான விடை தருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சிறு நிரல்கள். தேறினால் பச்சை காட்டும், தோற்றால் சிவப்பு.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் கடைக்காரர் போன் செய்தார். 14 கிலோ பிச்சி போட்ட ஒருவர் வாரக் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு நேரில் வந்து நின்றிருக்கிறார். "என்னண்ணே, பதினாலு கிலோ பிச்சிக்கு எண்ணூத்தி நாப்பது ரூவாதான் விழுந்திருக்கு?" அன்று விலை கிலோ 600. சிட்டையில் 60 என்று இருந்தது. கமிஷனுக்கு முன்பு 8,400 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 840. கடைக்காரர் அந்த இடத்திலேயே மீதியைக் கொடுத்துவிட்டார். அப்புறம் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, தப்பா அடிச்சா உங்க சாஃப்ட்வேர் நிறுத்திக் கேக்கும்னுதானே சொன்னீங்க?"

ஆமாம், சொன்னோம். 600 இருக்க வேண்டிய இடத்தில் 60 என்றால் 90 சதவீத விலகல். காவல் கத்தியிருக்க வேண்டும்.

முதலில் நாங்கள் செய்தது டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்த்ததுதான். எல்லாம் பச்சை. விலைக் காவலுக்கான டெஸ்ட்டும் பச்சை. அதே 60 ரூபாயை எங்கள் கணினியில் மாதிரித் தரவோடு அடித்துப் பார்த்தோம். உடனே கேள்வி கேட்டது. கடையின் உண்மையான தரவை இறக்கி, அந்தத் தேதிக்குத் திருப்பி வைத்து அடித்துப் பார்த்தபோதுதான் கேட்காமல் வாங்கிக்கொண்டது. அப்படியென்றால் தப்பு நிரலில் மட்டும் இல்லை, அந்த வாரத்தின் தரவிலும் இருக்கிறது. நாள்வாரியாகச் சராசரியை அச்சிட்டுப் பார்த்தோம். நாலு நாளுக்கு முன்னால் ஒரு வரியில் விலைக்குப் பதிலாக 'நேன்' என்று இருந்தது.

நேன் (NaN) என்றால் 'எண் அல்ல'. பலர் இதை 'நான்' என்றும் உச்சரிப்பார்கள். தமிழ் எழுத்தில் அது குழப்பும் என்பதால் இங்கே நேன் என்றே எழுதுகிறேன். அன்று பெரிய மழை. அந்தக் கடைக்கு ஒரு கிலோ பிச்சிகூட வரவில்லை. அன்றைய சராசரி விலை என்பது மொத்த ரூபாயை மொத்தக் கிலோவால் வகுத்தது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால், நாங்கள் நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பிழை எதுவும் எழுப்பாது, சத்தமில்லாமல் நேன் கொடுக்கும். நாங்கள் ஏழு நாள் சராசரியை எடுத்த விதம், ஏழு நாளின் தினச் சராசரிகளைக் கூட்டி ஏழால் வகுப்பது. நேனோடு எதைக் கூட்டினாலும் நேன்தான். ஆக மழை பெய்த ஒரு நாள் அதற்குப் பிந்தைய ஏழு நாள் சராசரியையும் கெடுத்துவிட்டது.

இனி காவலுக்கு வருவோம். அதன் நிபந்தனை இது: அடித்த விலைக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் சராசரியின் 40 சதவீதத்தைவிடப் பெரியதா? பெரியது என்றால் நிறுத்து. நேனை எதனோடு ஒப்பிட்டாலும், பெரியதா, சிறியதா, சமமா என்ற மூன்று கேள்விக்கும் விடை 'இல்லை'தான். சமமில்லையா என்ற கேள்விக்கு மட்டும் 'ஆம்'. எனவே காவல் 'பெரியதா?' என்று கேட்டது, 'இல்லை' என்ற விடை வந்தது, விட்டுவிட்டது. 60 அடித்திருந்தாலும் 6 அடித்திருந்தாலும் 6,00,000 அடித்திருந்தாலும் விட்டிருக்கும்.

கனகாம்பரம் அந்தக் கடைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வரும். அதாவது எந்த ஏழு நாளை எடுத்தாலும் வரத்தில்லாத நாள் ஒன்றாவது இருக்கும். மென்பொருளைப் போட்ட நாளிலிருந்து கனகாம்பரத்துக்கு அந்தக் காவல் ஒரு நாள்கூட விழித்திருக்கவில்லை. இதைக் கண்டபோது பிச்சியைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்தியது.

திரையில் யாருக்கும் ஏன் தெரியவில்லை? சராசரியைக் கணக்கிடுவது சர்வர். திரைக்கு அது ஜேசன் என்ற, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவில் போகிறது. ஜேசனில் நேனுக்கும் முடிவிலிக்கும் இடமே கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையுமே சத்தமில்லாமல் 'நல்' (null, மதிப்பே இல்லை என்ற குறி) ஆக மாற்றி அனுப்பும். நல் வந்தால் ஒரு சிறு கோடு காட்டு என்று திரைக்கு நாங்களே சொல்லி வைத்திருந்தோம். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை

வரத்தில்லாத நாளை யோசிக்காமல் விட்டோம் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் யோசித்திருந்தோம். 'வரத்தில்லாத நாளின் சராசரி' என்ற பெயரிலேயே ஒரு டெஸ்ட் இருந்தது. விடை பூஜ்யம் வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வந்தது நேன். ஆனாலும் டெஸ்ட் பச்சை.

காரணம், ஒப்பிடுவதற்கு நாங்களே எழுதி வைத்திருந்த ஒரு சிறு துணைச் செயல்பாடு. தசம எண்களை அப்படியே சமமா என்று கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அதனால் அரைப் பைசா வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தோம்: எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் 0.005ஐவிடப் பெரியது என்றால் டெஸ்ட் தோல்வி. படிக்கும்போது குறையே தெரியாது. ஆனால் வந்தது நேன் என்றால் வித்தியாசமும் நேன். நேன் 0.005ஐவிடப் பெரியதா? இல்லை. எனவே தோல்வி இல்லை. இந்த ஒப்பீட்டின் முன்னால் நேன் எந்த விடையாகவும் தேறிவிடும். பூஜ்யம் எதிர்பார்த்தாலும் தேறும், 600 எதிர்பார்த்தாலும் தேறும்.

காவலும், காவலைச் சோதிக்க வேண்டிய டெஸ்ட்டும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுதப்பட்டவை. 'எல்லை தாண்டினால் நிறுத்து.' எல்லைக்குள் இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் விடு என்று இரண்டில் ஒன்றையாவது எழுதியிருந்தால் நேன் அங்கே மாட்டியிருக்கும். சாதாரண எண்களுக்கு இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுதான். நேனுக்கு இரண்டும் நேர் எதிர். பள்ளிக் கணக்கில் 'பெரியது இல்லை என்றால் சிறியது அல்லது சமம்' என்று படித்துவிட்டு வருகிறோம். கணினி தசம எண்களை வைத்திருக்கும் வடிவமான மிதவைப் புள்ளி எண்களில் அந்த விதி நிற்காது. பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை, சமமும் இல்லை என்று நாலாவது ஒரு நிலை உண்டு. இதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இப்படி வைத்தது யாருடைய கவனக்குறைவும் அல்ல. மிதவைப் புள்ளிக் கணக்குக்காக 1985இல் வந்த ஐஈஈஈ 754 என்ற தரநிலை யோசித்து எடுத்த முடிவு இது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு மாதிரி வகுத்தது, சுழித்தது (அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றியது). அந்தத் தரநிலையின் பின்னால் முக்கியமாக நின்றவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹான். 1989இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. நீண்ட கணக்கு ஒன்று நடுவில் அர்த்தமிழந்தால் முழு ஓட்டமும் நின்றுபோகாமல், 'இந்த விடைக்கு அர்த்தமில்லை' என்ற குறியைக் கடைசிவரை சுமந்துவர வேண்டும் என்பது நேனின் வேலை. 64 பிட் எண்ணில் ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்கு, 11 பிட் அடுக்குக்கு, 52 பிட் பின்னத்துக்கு. அடுக்கின் 11 பிட்டும் ஒன்றாக இருந்து பின்னம் முழுக்கப் பூஜ்யமானால் அது முடிவிலி. பின்னத்தில் ஒரு பிட்டாவது எழுந்திருந்தால் நேன். ஆக நேன் என்பது ஒரே மதிப்பு அல்ல, எத்தனையோ பிட் கோலங்களுக்கு ஒரே பெயர். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து வந்த நேனும், கழித்தல் ஒன்றின் வர்க்கமூலமாக வந்த நேனும் சமம் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது? தன்னோடு தானே சமமில்லாத எண் என்றால் அது நேன்தான் என்று கண்டுபிடிக்கவும் இது வழியானது.

திருத்தியபோது

துணைச் செயல்பாட்டை முதலில் மாற்றினோம். வித்தியாசம் 0.005க்குள் இருந்தால் தேர்ச்சி, வேறு எதுவானாலும் தோல்வி. ஓட்டினோம். இரண்டு டெஸ்ட் சிவந்தது: வரத்தில்லாத நாள், வரத்தில்லாத நாள் நடுவில் வரும் வாரம். இந்த இரண்டும் இத்தனை மாதம் எங்களிடம் இருந்தவை. அப்புறம் எதிர்பாராத ஒன்றும் சிவந்தது. ஓரிடத்தில் முடிவிலி வரவேண்டும் என்று எதிர்பார்த்து, முடிவிலியே வந்திருந்தது. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் நேன் என்பதால் புதிய ஒப்பீடு அதைத் தள்ளிவிட்டது. பழைய ஒப்பீட்டில் அது தேறியதும் தற்செயல்தான். எனவே முதலில் இரண்டும் அப்படியே சமமா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் வித்தியாசத்துக்குப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் சொந்தச் செயல்பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். டெஸ்ட் ஓட்ட நாங்கள் பயன்படுத்தும் கருவியான ஜெஸ்ட்டிலேயே, கிட்டத்தட்டச் சமமா என்று பார்க்கும் 'டு-பீ-குளோஸ்-டு' இருக்கிறது. அதன் இயல்பான எல்லையும் 0.005தான். நேன் வந்தால் தோற்கும், இரு பக்கமும் முடிவிலி என்றால் தேறும். எங்கள் டெஸ்ட்டுகள் ஜெஸ்ட்டுக்கு வருமுன் சாதாரண ஸ்கிரிப்ட்டாக இருந்தவை. மாறும்போது துணைச் செயல்பாட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது அதை எடுத்துவிட்டோம். சொந்தமாக ஒப்பீடு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஒப்பீட்டுக்கே ஒரு டெஸ்ட் எழுதுங்கள். நேனைக் கொடுத்து, அது தோற்கிறதா என்று பாருங்கள். மூன்று வரி வேலை.

ஜெஸ்ட்டின் 'டு-பீ' எனும் நேரடி ஒப்பீட்டில் நேனும் நேனும் சமம் என்றே கொள்ளப்படும், ஏனென்றால் அது மொழியின் சாதாரணச் சமக்குறியைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதே ஒப்பீடு பூஜ்யத்தையும் கழித்தல் பூஜ்யத்தையும் வேறு வேறு என்று பிரிக்கும். மாற்றிய அன்றே அதுவும் வந்தது. முன்பணம் கழித்த மீதியை முழு ரூபாயாகச் சுழிக்கும் இடத்தில் ஒரு டெஸ்ட், '0 எதிர்பார்த்தேன், −0 வந்தது' என்று தோற்றது. கழித்தல் 0.3ஐச் சுழித்தால் ஜாவாஸ்கிரிப்ட் கழித்தல் பூஜ்யம்தான் தரும். இது வெறும் நுணுக்கம், டெஸ்ட்டைத் தளர்த்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சிட்டையை அச்சிட்டுப் பார்த்தோம். இந்திய முறையில் காற்புள்ளி போடும் வடிவமைப்பு அதை '-0' என்றே அச்சிட்டது. கணக்கு முடிந்துவிட்ட விவசாயியின் சிட்டையில், மீதி என்ற இடத்தில் கழித்தல் குறி. தான் இன்னும் கடன்பட்டிருப்பதாகத்தானே அவர் நினைப்பார்? டெஸ்ட்டை அப்படியே விட்டு, சுழித்த விடையோடு பூஜ்யத்தைக் கூட்டினோம். கழித்தல் பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் கூட்டல் பூஜ்யம் ஆகிவிடும்.

அடுத்தது உண்மையான கேள்வி. வரத்தில்லாத நாளின் விலை என்ன? எங்கள் பழைய டெஸ்ட் பூஜ்யம் என்றது. இப்போது நிரலைத் திருத்திப் பூஜ்யம் தர வைத்தால் டெஸ்ட் பச்சையாகிவிடும், வேலையும் முடிந்தது போலத் தெரியும். ஆனால் அந்த டெஸ்ட்டே தப்பு. ஆறு நாள் பிச்சி 600க்கு விற்று ஒரு நாள் வரத்தில்லை என்றால், பூஜ்யத்தையும் சேர்த்த சராசரி 514 ஆகிவிடும். எந்த நாளும் பிச்சி 514க்கு விற்கவில்லை. மழையில் பூ வரவில்லை என்றால் விலை பூஜ்யம் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார், விலையே இல்லை என்பார்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தப்பும் தெரிந்தது. தினச் சராசரிகளின் சராசரி என்பதே பிசகு. ஒரு நாள் 2 கிலோ 900க்கும், மறுநாள் 40 கிலோ 500க்கும் போனால், எங்கள் முறையில் சராசரி 700. மொத்த ரூபாய் 21,800ஐ மொத்தக் கிலோ 42ஆல் வகுத்தால் 519. கடையில் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அப்படியே மாற்றினோம். அதில் வரத்தில்லாத நாள் ரூபாயிலும் பூஜ்யம், கிலோவிலும் பூஜ்யம் சேர்க்கும், விடையைத் தொடாது. ஏழு நாளும் வரத்தில்லை என்றால் மட்டும் மறுபடி பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம். அங்கே வகுக்காமல், 'விலை இல்லை' என்று வெளிப்படையாக நல் திருப்புகிறோம். காவல் அதைக் கண்டால் கண்டிப்பாகக் கேட்கும்.

நல்லைக் கையாளும்போதும் ஒரு பள்ளம் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் பழைய பொதுவான 'ஈஸ்-ஃபைனைட்' செயல்பாடு நல்லைப் பூஜ்யமாக மாற்றிவிட்டு, முடிவுள்ள எண்தான் என்று சொல்லிவிடும். 'நம்பர்' என்ற பெயரின் கீழ் வரும் ஈஸ்-ஃபைனைட் அப்படி மாற்றாது. காவலில் இப்போது இரண்டாவதுதான் இருக்கிறது: சராசரி முடிவுள்ள எண்ணாக இருந்து, வித்தியாசம் 40 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் விடு.

ஒரு துணைக் கேள்வி: பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைத்திருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா? கூட்டல் கழித்தலுக்கு அது நல்ல வழி, செய்யவும் வேண்டும். ஆனால் சராசரி என்றால் வகுத்தே ஆக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பெரிய முழு எண் வகையில் பூஜ்யத்தால் வகுத்தால் பிழை எழும். சாதாரண எண்ணில் எழாது.

தேடும்போது டெஸ்ட்டே இல்லாத ஓரிடமும் அகப்பட்டது. 'இன்றைய அதிக விலை, குறைந்த விலை' என்ற கட்டம். காலிப் பட்டியலுக்கு அதிகபட்சம் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் கழித்தல் முடிவிலியும், குறைந்தபட்சம் கேட்டால் கூட்டல் முடிவிலியும் தரும். அதுவும் ஜேசனில் நல் ஆகி, திரையில் கோடாகத்தான் தெரிந்திருக்கிறது.

மற்ற மொழிகளில்

எங்களிடமே மாத அறிக்கை பைதானில் ஓடுகிறது, எனவே அங்கேயும் போய்ப் பார்த்தோம். பைதானில் பூஜ்யத்தால் வகுத்தால் அந்த இடத்திலேயே பிழை எழும். ஆனால் பைதானின் எண் கணக்கு நூலகமான நம்பை (NumPy) வழியாகப் போனால் ஒரு எச்சரிக்கையோடு நேன் வந்துவிடும். பைதானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டின் தோராய ஒப்பீடு, நேனை ஏற்கச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் நேனும் நேனும் சமம் என்று கொள்ளும். நம்பையிலேயே இரண்டு பழக்கம் இருக்கிறது. அதன் சோதனைப் பகுதியில் உள்ள 'அசர்ட்-ஆல்-குளோஸ்' நேன்களைச் சமமாகக் கொள்ளும், சாதாரண 'ஆல்-குளோஸ்' கொள்ளாது. பைதான் பட்டியல்களில் இன்னும் ஒன்று உண்டு. ஒரே நேன் பொருளை இரண்டு பட்டியலில் வைத்து ஒப்பிட்டால் பட்டியல்கள் சமம் என்று வரும், தனியே எடுத்து ஒப்பிட்டால் சமமில்லை. பட்டியல் முதலில் ஒரே பொருளா என்று பார்த்துவிடுவதுதான் காரணம். ஜாவாவின் ஜேயூனிட் நேனை நேனுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். சி++இன் கூகுள்டெஸ்ட்டில் வழக்கமான தசம ஒப்பீடு எடுத்துக்கொள்ளாது. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தக் கருவிக்குப் போனாலும் முதல் நாளே நேன், இரண்டு முடிவிலி, இரண்டு பூஜ்யம் ஆகியவற்றைக் கொடுத்து, என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுகிறோம். விலையோ எடையோ வாங்கும் எங்கள் எல்லாச் செயல்பாட்டுக்கும் அதே ஐந்து மதிப்புகளைக் கொடுக்கும் டெஸ்ட் இப்போது இருக்கிறது.

பிச்சிக்குக் காவல் தூங்கிய அந்த ஏழு நாள் சிட்டைகளையும், கனகாம்பரத்தின் எல்லாச் சிட்டைகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 60 ரூபாயைத் தவிர இன்னொன்று கிடைத்தது: பிச்சியில் 650 என்பது 560 ஆகியிருந்தது. விலகல் 14 சதவீதம்தான். காவல் விழித்திருந்தாலும் விட்டிருக்கும். அந்தப் பணத்தையும் கடைக்காரர் கொடுத்துவிட்டார். 40 சதவீதத்தைக் குறைக்கலாமா என்று கேட்டோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விலை ஏறும்போது ஒவ்வொரு சிட்டைக்கும் நின்று கேட்டால், எழுதுகிறவர் படிக்காமலே 'ஆம்' அழுத்தப் பழகிவிடுவார் என்றார். அது சரிதான். எல்லை 40ஆகவே இருக்கிறது.

திரையில் இருந்த சிறு கோட்டை எடுத்துவிட்டு 'வரத்து இல்லை' என்று போட்டோம். அடுத்த வாரம் கடையில் சிட்டை எழுதும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சம்பங்கிக்கு வரத்து இல்லைன்னு காட்டுதே, காலைல எட்டு கிலோ வந்துச்சே" என்று போன் செய்தார். பார்த்தால், அந்த எட்டு கிலோவை அவர் அரளிக் கணக்கில் ஏற்றியிருந்தார். வெறும் கோடாக இருந்திருந்தால் அவர் போன் செய்திருக்க மாட்டார்.